பாதிக்கப்பட்டவரின் கையொப்பம்

ஆண் தன் ஆதிக்கத்தைத் தானே முன்வந்து கழற்றி வைத்த இடம் என்று மனித குல வரலாறு ஒரு மாடி அறையைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்போகிறது. அந்த அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஆதிக்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கழற்றி வைக்கப்படும். பதினொன்றரைக்குள் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அங்கே தட்டச்சு வகுப்பு.

ஆண்மை மறுபரிசீலனை வட்டம் என்று பெயர். உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒருவரையொருவர் 'சக பயணி' என்று அழைத்துக்கொள்வார்கள். தலைவர், எடை அளவு ஆய்வாளராக முப்பத்துநாலு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். ஊரில் ஒரு தராசையும் நம்பாதவருக்கு, வயதுவந்த ஆண்கள் எழுந்து நின்று "நான் திருந்திவிட்டேன்" என்றால் நம்பத் தோன்றுமா? அதற்காக ஒரு படிவம் வகுத்தார். படிவம் மூன்று. ஒன்றும் இரண்டும் என்னவாயின என்று யாரும் கேட்டதில்லை. வாரம் ஒரு குற்றம் எழுத வேண்டும்: வீட்டில் என்ன தவறு செய்தேன், எப்போது உணர்ந்தேன், எப்படித் திருத்திக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் 'பாதிக்கப்பட்டவரின் கையொப்பம்'. பாதிக்கப்பட்டவர் என்றால் மனைவி.

ஆகவே சனிக்கிழமை மாலைகளில் ஒன்பது வீடுகளில் ஒன்பது பெண்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவரின் குற்றம் இரண்டு வருடமாக ஒன்றேதான்: 'மனைவி கார் ஓட்டும்போது, பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.' அவருடைய மனைவி மாதத் தொடக்கத்திலேயே நாலைந்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். "நீங்க மிதிக்கத்தான் போறீங்க. அதுக்கு எதுக்கு வாரா வாரம் என்னக் கூப்பிடறீங்க?"

வட்டத்தின் செயலாளர் பல் செட் செய்கிறவன். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் அவனுடைய மேசை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவன் தினமும் மூன்று வாய்க்கு அளவெடுத்து மெழுகில் அடுக்கி, அச்சில் வேகவைத்து, மெருகேற்றி அனுப்புகிறவன். பிளாஸ்டர் அச்சைக் கையில் திருப்பிப் பார்த்தே, இவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இவர் வெற்றிலை போடாவிட்டாலும் பென்சில் கடிப்பவர் என்று சொல்லிவிடுவான். அவனுடைய மனைவி குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை. பதினாலு மாதத்துக்கு முன் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஐந்தரை மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் வேறொரு ஊர். அங்கே ஆய்வகத்துக்கே பொறுப்பாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உயர்வு அவளுக்கு, கைகுலுக்கல் எட்டும் இவனுக்கு.

முதலில் வாரா வாரம் சனிக்கிழமை காலையில் வந்திறங்குவாள். வாசலில் பையை வைத்ததும் படிவத்தை நீட்டுவான். "எங்க போடணும்?" என்பாள். படித்துப் பார்க்கவெல்லாம் மாட்டாள். 'ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன்' என்பதில் படிக்க என்ன இருக்கிறது?

பிறகு ஒரு வியாழக்கிழமை தொலைபேசினாள்.

"இந்த வாரம் சாம்பிள் நிறைய வந்து கெடக்கு. வரணுமா?"

"உன் விருப்பம்."

"என் விருப்பம்னு தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல. உன் நேரம், உன் முடிவு."

அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள்.

துணைவியை வா, போ என்று ஏவக்கூடாது என்பது வட்டத்தின் பதினொன்றாம் விதி. அதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர் தன்னைத் தவிர இருக்க முடியாது என்று பல் செட்காரன் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அடுத்த வியாழக்கிழமையும் கேட்டாள். அப்போதும் விதி பிசகவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை அவள் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா, மின்விசிறி சத்தம் போடுகிறதா, அவ்வளவுதான். சண்டை கிடையாது. கோபம் கிடையாது. வரவும் கிடையாது. அப்படியே முப்பத்தொரு வாரம்.

ஞாயிறு மட்டும் தவறாமல் வந்தது. படிவத்தின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. முன்பல்லின் பழுப்பைக்கூட அப்படியே கொண்டுவருகிறவனுக்கு ஒரு கையெழுத்து பெரிய வேலையா? அவளுடைய பழைய படிவம் ஒன்றை விளக்கடியில் வைத்துப் பார்த்தான். முதலில் அவன் பெயரின் எழுத்து, அப்புறம் ஒரு பெரிய சுழி, பிறகு பேனா பின்னால் வந்து அடியில் ஒரு கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி. முதல் வாரம் திருட்டு வேலை போலத்தான் இருந்தது. நாலாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவள் கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறவள். கோடு இழுக்கும்போது பட்டையின் கொக்கி மேசையில் 'டக்' என்று தட்டும். அந்தச் சத்தம் இல்லாமல் கோடு சரியாக வரவில்லை. தன் கடிகாரத்தைக் கழற்றி வலது கையில் கட்டிக்கொண்டான். டக். வந்துவிட்டது. அதன்பிறகு சனிக்கிழமை மாலை ஒரு கையெழுத்துக்காக நாலு பக்கம் போட்டுப் பார்க்கலானான். வீடு முழுக்க அந்த ஒரு சத்தம்தான்.

கையெழுத்து கிடைத்தது, குற்றத்துக்கு எங்கே போவது? ஆள் இல்லாத வீட்டில் யாருக்கு அநீதி இழைப்பது? ஐந்தாறு வாரம் ஈரத் துண்டையே திருப்பிப் போட்டு ஓட்டினான். சரக்கு தீர்ந்ததும் பத்தொன்பது வருடத்தைத் தோண்ட ஆரம்பித்தான். நடந்ததையே எழுதி, தேதியை மட்டும் போன சனிக்கிழமை என்று போட்டான்.

'அவள் தன் வேலையிடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ம் போட்டேன். மூன்றாவது ம்முக்குப் பிறகு அவள் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைக் கவனிக்காமல் நாலாவது ம்மும் போட்டேன்.'

'மழையில் ஒரே குடையில் வந்தோம். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், என் சட்டை நனையவே இல்லை.'

ஞாயிறன்று மாடியறையில் இதை வாசிப்பான். வங்கிக் காவலாளியான சக பயணி கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஈரத் துண்டு ஆசாமியா இப்படி எழுதுகிறார் என்று வியந்தார்கள். ஓட்டுநர் பள்ளிக்காரர் மட்டும், "யோவ், வாரத்துல ஒன்றரை நாள்தான் ஒண்ணா இருக்கீங்க. அதுக்குள்ள இவ்வளவு தப்பு பண்ண எப்படியா நேரம் கெடைக்குது?" என்றார்.

வருடக் கடைசியில் 'ஆண்டின் சமத்துவ ஆண்' விருது பல் செட்காரனுக்கு என்று ஒருமனதாக முடிவானது. ஒரு நிபந்தனை: பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து, சபை முன்னிலையில், பெரிய பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். முத்திரை குத்தாத எடைக்கல் எடைக்கல்லே அல்ல என்பது தலைவரின் கொள்கை.

இரண்டு நாள் தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வா என்று சொல்ல இப்போது ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்தால் அது ஏவல் ஆகாது.

"ஒரு கையெழுத்து வேணும்," என்றான்.

"எதுல?"

"வட்டத்துல. விருது தர்றாங்க. நீ இருக்கணுமாம். உனக்கு முடிஞ்சா. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"அஞ்சரை மணி நேரம் வந்து ஒரு கையெழுத்து போடணும்."

"முடிஞ்சாதான்."

"வரேன்," என்றாள். அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்பது தொலைபேசியில் தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க வீட்டைத் துடைத்தான். தலையணை உறையை மாற்றினான். ஞாயிறு காலை அவள் பேருந்திலிருந்து நேராக டயர் கடைக்கே வந்தாள். தோளில் ஒரு பை. அவன் முதலில் பார்த்தது அந்தப் பையை. ஒரு நாளைக்கான பையா, இரண்டு நாளைக்கானதா? வாங்கித் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கேட்கப்படாத உதவி, கேட்கப்படாத வருகை, கேட்கப்படாத அக்கறை ஆகியவை அத்துமீறல் என்பது விதி பதினாலு. பையைப் பார்த்துக்கொண்டே பின்னால் படியேறினான்.

"மெலிஞ்சுட்டீங்க," என்றாள் முன்னால் ஏறியபடி.

"நீயும்."

"நான் ரெண்டு கிலோ கூடிட்டேன்."

மேலே எட்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவளுக்கு நாற்காலி போட மூன்று பேர் ஒரே நாற்காலியைப் பிடித்தார்கள். பெண்ணின் உழைப்பால் உலகம் சுழல்கிறது என்று தலைவர் கால் மணி நேரம் பேசினார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தில் பாதி உலகம் அடிபட்டுப்போனது. பிறகு பதிவேடு விரிக்கப்பட்டது. அவள் பேனாவை வாங்கி, பட்டென்று ஒரு சுழியும் ஒரு இழுப்பும் போட்டு நிமிர்ந்தாள். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

தலைவர் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். உத்தியோக காலத்துக் கண்ணாடி. பதிவேட்டைப் பார்த்தார். படிவக் கட்டைப் பார்த்தார். மறுபடி பதிவேடு.

"அம்மா, நீங்க வழக்கமா போடற மாதிரி போடுங்க."

"இதாங்க வழக்கமா போடறது."

"இல்லம்மா. இங்க முப்பத்தொரு படிவம் இருக்கு. அத்தனையும் ஒரே மாதிரி. இதுல மொத எழுத்து இருக்கு, அடிக்கோடு இருக்கு, ரெண்டு புள்ளி இருக்கு. நீங்க போட்டதுல ஒண்ணுமே காணோமே?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாக டயர் அடுக்கை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒரு நாளைக்கு இருநூறு பாட்டில்ல கையெழுத்து போடறேங்க," என்றாள். "லேபிள் இத்துணூண்டு. அதுல இவரோட எழுத்துக்கு இடம் பத்தல, விட்டுட்டேன். அந்தக் கட்டக் குடுங்க, பாப்போம்."

கட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து படித்தாள். ஒன்பது ஆண்கள் காத்திருந்தார்கள். ஏழெட்டுத் தாள் தாண்டியதும் அவளுடைய விரல் மெதுவானது. ஒரு இடத்தில் 'க்ளுக்' என்று சிரித்தாள். நாலாவது ம்மாக இருக்க வேண்டும். இன்னொரு இடத்தில் வெகு நேரம் நின்றாள்.

"இந்தக் குடை," என்றாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சுதான் இருந்துதா உங்களுக்கு?"

பல் செட்காரன் தலையாட்டினான்.

"நடந்ததா இல்லையாம்மா?" என்றார் தலைவர்.

"நடந்துதுங்க. எல்லாமே நடந்துதுதான்."

"அப்ப கையெழுத்து?"

"அய்யா, அவங்க கையெழுத்த அவங்களே போட்டிருக்காங்க," என்றார் ஓட்டுநர் பள்ளிக்காரர். "இதுல என்ன டெஸ்ட்டு?"

"சக பயணி, தராசும் தன் எடையத் தானே சொல்லுது. அதுக்காக முத்திரை வேண்டாம்னுடுவீங்களா? பெண்ணின் சொல்ல சந்தேகமில்லாம ஏத்துக்கறது நம்ம முதல் விதி. நான் இவங்க சொல்ல சந்தேகப்படல. கையெழுத்தத்தான் சந்தேகப்படறேன்."

வாக்கெடுப்பு நடந்தது. அம்மையாரின் கையொப்பம் அம்மையாரின் கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஆறு பேர். போகிறது என்று இரண்டு பேர். பல் செட்காரன், சம்பந்தப்பட்டவன் என்ற முறையில், நடுநிலை வகித்தான். மகளிர் உரிமைக்காக நிற்கும் அமைப்பு என்பதால் அம்மையாருக்கு இன்னொரு வாய்ப்பு அளிக்கத் தீர்மானமாயிற்று.

"அதுல நல்லதா ஒண்ணு குடுங்க," என்றாள். "பாத்துப் போடறேன்."

படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, பள்ளிப் பிள்ளை மாதிரி மெதுவாக வரைந்தாள். கணவனின் எழுத்து, சுழி, அடிக்கோடு. கோடு இழுத்தபோது கடிகாரக் கொக்கி மேசையில் தட்டியது. அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். இரண்டு புள்ளி வைத்து முடித்தாள். தலைவர் கண்ணாடியால் பார்த்தார்.

"இப்ப சரி. பாத்தீங்களா, பதட்டப்படாம போட்டா வந்துடுது!"

கைதட்டல். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது போன்ற கண்ணாடிக் கேடயம் ஒன்று அவனிடம் தரப்பட்டது. இரண்டு கையுமே ஆண் கை மாதிரித்தான் இருந்தது. கடையில் அதுதான் இருந்ததாம்.

தெருவில் இறங்கியதும், "உனக்கு நேரம் இருந்தா வீடு பக்கத்துலதான்," என்றான், அவள் பத்தொன்பது வருடம் குடியிருந்த வீட்டைப் பற்றி.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எனக்கு ஷிப்ட். பஸ் ஒண்ணு அம்பதுக்கு."

பை ஒரு நாளைக்கானதுதான். பேருந்து நிலையத்து மூலையில் இருந்த தேநீர்க் கடையில் நின்றார்கள். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நல்லாதான் போட்டிருக்கீங்க," என்றாள். "அடிக்கோடு என்னவிட உங்களுக்கு நல்லா வருது."

"மன்னிச்சுடு. கட்டம் காலியா இருந்தா அவரு..."

"எவ்வளவு நாள் பழகினீங்க?"

"வாரா வாரம் நாலு பக்கம் போடுவேன்." தேநீரை ஊதினான். "அதுக்கு வாட்ச்ச வலது கைல கட்டிக்கணும். அப்பதான் வரும்."

அவள் அவனுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் அங்கேதான் இருந்தது, கழற்ற மறந்திருந்தான். வெகு நேரம் பார்த்துவிட்டு முகத்தைப் பேருந்துகளின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"முப்பத்தொரு தப்பு எழுதியிருக்கீங்க. எல்லாம் நான் இங்க வீட்ல இருந்தப்ப பண்ணது. நான் அங்க போனப்புறம் பண்ணது ஒண்ணுகூட இல்லயே."

"நீ போனப்புறம் நான் என்ன பண்ணேன்? ஒண்ணுமே பண்ணலயே."

"அதத்தான் சொல்றேன். இங்கேர்ந்து அங்கயும் பஸ் போகுது. தெரியுமா?"

"நீ கூப்பிடல. கூப்பிடாம வந்தா..."

"எத்தனாவது விதி?"

"பதினாலு."

"நான் போன உடனே ரெண்டு நாற்காலி வாங்கினேன்," என்றாள். "ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டுன்னு கடைக்காரர்கூடக் கேட்டார். ஜன்னல் பக்கத்துல போட்டேன். ஆறு மாசம் அப்படியே வச்சிருந்தேன். இப்ப அதுல துணி போடறேன். வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் துணிய எடுத்து மடிச்சிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது."

பதினாலு விதியும் தலைவரும் எங்கோ போய்விட்டார்கள். நாற்காலி தெரிந்தது; அதில் கிடக்கும் துணி தெரிந்தது. "அடுத்த சனிக்கிழம," என்று ஆரம்பித்தான்.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. தலைவர்.

"எடுக்கவா?" என்று அவளைக் கேட்டான். ஒப்புதல் பெறுவது பழக்கமாகியிருந்தது.

"உங்க விருப்பம்," என்றாள்.

எடுத்தான். விருது ஏற்புரையைப் படிவமாக எழுதித் தர வேண்டுமாம். அதிலும் கையொப்பம் வேண்டுமாம். அம்மையார் ஊர் திரும்புமுன் வாங்கிவிட்டால் நலம். தலைவருக்குச் சுருக்கமாகப் பேச வராது. இடையில் அவள் அவனுடைய தோளைத் தொட்டு, கையை நீட்டி எதையோ காட்டி, "பஸ் வந்துடுச்சு," என்றாள். அவன் காதில் தொலைபேசியோடு, ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று காட்டினான்.

ஒரு நிமிடம் ஏழு நிமிடமானது. திரும்பிப் பார்த்தபோது மேசையில் காலிக் கோப்பை இருந்தது. எதிர்ச் சாரியிலிருந்து ஒரு நீலப் பேருந்து உறுமிக்கொண்டு நகர்ந்தது. பல் செட்காரன் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். கேடயத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். பேருந்தின் பக்கவாட்டில் கையால் தட்டினான்.

"வரேன்!" என்று கத்தினான். "அடுத்த சனிக்கிழம நான் வரேன்! துணிய எடுத்து வை!"

நிலையத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்து வாசலைத் தாண்டி வளைந்து மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றான். பதினாலு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய பேருந்து முன்பே போயிருந்தது. இது பணிமனைக்குக் கழுவப் போகிற வண்டி. உள்ளே ஓட்டுநரைத் தவிர யாரும் இல்லை.